வெட்டிய விலையும் பேசிய விலையும்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு இந்தியக் கடை திறக்கும். டிஷ் பூட்டிய நாளிலிருந்து அந்தக் கடைக்கு நாங்கள் தவறாத வாடிக்கையாளர்கள். ஆனால் ஒரு ஊசி கூட வாங்கியதில்லை. வாங்கவும் முடியாது. அவர்கள் கடல் தாண்டிப் பெரியகல்லாற்றுக்குச் சாமான் அனுப்புவதில்லை. மூத்த மச்சாள் ஒருமுறை திரையில் ஓடிய நம்பருக்கு எடுத்துப் பார்த்தார். போனில் போட்டு வைத்திருந்த காசெல்லாம் கரைந்ததுதான் மிச்சம்.

வாங்க முடியாத கடையில் நின்று குறை சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. கையில் காசு இல்லையே என்ற கவலை இல்லை. ஏமாந்துவிடுவோமோ என்ற பயமும் இல்லை. வாய் மட்டும் இருந்தால் போதும். அது எங்கள் வளவில் தேவைக்கு மேலேயே இருந்தது.

வளவு என்று சொன்னால், ஒரே வேலிக்குள் மூன்று வீடுகள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாமனார் மூன்று பெண்களுக்கும் மூன்று வீடு கட்டி வரிசையாகக் குடியமர்த்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் வெல்லாவெளியிலிருந்து வந்து நடு வீட்டில் குடியேறினவன். வலப்பக்கம் மனைவியின் அக்கா, என் மூத்த மச்சாள்; இடப்பக்கம் தங்கச்சி, சின்ன மச்சாள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மற்ற இரண்டு வீட்டிலும் சோறு இறங்கும். கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு இந்த மூன்று சகோதரிகளுக்கு நடுவே நான் எப்படிப் பிழைத்திருக்கிறேன் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள். நன்றாகத்தான் பிழைத்திருக்கிறேன்.

அந்தக் கடையில் விற்கிறவர்களைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. என் மனைவி கையைப் பார்ப்பாள். “இவ ஒரு நாளும் சட்டி கழுவின ஆளில்ல. இவ சொல்லி நான் சட்டி வாங்குறதா?” என்பாள். மூத்த மச்சாளுக்கு எல்லாரிலும் இரக்கம். “பாவம் புள்ள, மூச்சு விடாமக் கதைக்குது. ஒரு வாய் தண்ணி குடிக்க விடுறானுகளா பாருங்க” என்பார். நான் விலையைப் பார்ப்பேன். சமையல் கத்தி செட் ஒன்று, ‘இன்னும் பத்தே செட்’ என்று இரண்டு மாதமாக முடிந்துகொண்டே இருந்தது. ஒரு சோடி மெத்தையுறைக்குப் பெரிய விலையொன்றைப் போட்டு அதைச் சிவப்பால் வெட்டி, பக்கத்தில் சின்ன விலை போட்டார்கள். அந்தப் பெரிய விலைக்கு உலகத்தில் ஒருவன் கூட அதை வாங்கியிருக்கமாட்டான் என்று நான் சத்தியம் செய்வேன். “எழுதினதும் இவன், வெட்டினதும் இவன்” என்று நான் கத்த, இருவரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் கத்துவேன்.

சின்ன மச்சாளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அவள் களுவாஞ்சிக்குடியில் ஒரு புடவைக்கடையில் பதினைந்து வருடமாக நின்றாள். நின்றாள் என்றால் உண்மையாகவே நின்றாள், அங்கே விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. காலில் நரம்பு புடைத்து, பின்னேரம் வந்ததும் சுடுதண்ணிக்குள் காலை வைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கணவர் மெஷின் திருத்துகிறவர், வாய் திறக்காத மனிதர். கூட்டத்தில் அவரைச் சேர்க்கவே தேவையில்லை. ஞாயிறுகளில் அவள் எங்களோடு வந்திருந்து, யாரும் கவனிக்காததைக் கவனிப்பாள். “சீலைய விரிக்கத் தெரியல்ல. முந்தானையக் காட்டாம என்னத்துக்குச் சீலைட உடலக் காட்டுறான்” என்று மெதுவாகச் சொல்வாள்.

அவளுடைய முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மட்டக்களப்பிலுள்ள கேபிள்காரர் ஒருவர் உள்ளூர் சனல் நடத்துகிறார். அதில் பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு மணித்தியாலம் எடுத்து, கடைச் சாறிகளை அப்படியே டீவியில் விற்பது. கேபிள் எங்கள் கல்லாறு வரை வந்திருந்தது, நாங்களும் ஒரு இணைப்பு எடுத்தோம். விற்பதற்கு முதலாளி சின்ன மச்சாளைக் கேட்டார். ஒரு மாதம் செய்து பார், மாதக் கடைசிக்குள் அறுபது ஓடர் வந்தால் அது உன்னுடைய வேலை, வராவிட்டால் கொழும்பில் பழகின ஒரு பிள்ளையை எடுப்பேன், நீ பழையபடி கடைக்கு வா என்றார்.

அவள் இதை எங்களிடம் சொன்ன விதம் எனக்கு மறக்காது. சுடுதண்ணிப் பேசினுக்குள் கால். முகம் முழுக்க வெளிச்சம். “கதிரை தருவாங்களாம் அத்தான். அதில குந்தி இருந்துதான் கதைக்கணுமாம்” என்றாள். காலுக்காக மட்டும் அவள் ஆசைப்படவில்லை. பதினைந்து வருடம் பழகின கைக்கும் வாய்க்கும் யாரோ ஒருவர் முதல்முறையாக மதிப்புக் கொடுத்திருக்கிறார். அது கையை விட்டுப் போகக்கூடாது என்று அவள் நினைத்தது, சொல்லாமலே மூன்று வீட்டுக்கும் தெரிந்தது.

முதல் நாள் மூன்று வீட்டாரும் எங்கள் விறாந்தையில் கூடினோம். மச்சாள் வந்தாள். திரையில் வடிவாக இருந்தாள். பின்னால் ஒரு பலகை. அதில் ஏழாயிரத்துத் தொளாயிரம் என்று எழுதிச் சிவப்பால் வெட்டி, பக்கத்தில் நாலாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது. மூலையில் ஒரு மணிக்கூடு ஐந்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. “இன்னும் ஐந்தே ஐந்து சாறிகள்தான் உள்ளன நேயர்களே” என்று அவள் வாசித்தாள். யாரோ எழுதிக் கொடுத்தது. அவளுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகச் சாறிகள் அடுக்கியிருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். மனைவி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வருடக்கணக்காக இரண்டு மணிக் கடையில் நாங்கள் கிழித்துத் தோரணம் கட்டின எல்லாத் தந்திரமும் எங்கள் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. எழும்பி வெளியே போய் வெற்றிலை போட்டேன். அவள் வீடு திரும்பியதும் மூத்த மச்சாள் “நல்லா இருந்திச்சு புள்ள” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடர் வரவில்லை. போன் வந்தது. எங்கள் சனங்கள் போன் எடுக்கத் தயங்குகிறவர்கள் இல்லை. ஏறாவூரிலிருந்து ஒரு பெண் எடுத்து, “அந்தத் தோடு எங்க எடுத்த புள்ள?” என்று கேட்டார். தோடு விற்பனைக்கு இல்லை, அது மூத்த மச்சாளுடையது. ஒரு வயதானவர் எடுத்து, “நீங்க ஆருட மகள்? பாலத்தடியில கடை வச்சிருந்தாரே, அவர்ர ஆக்களா?” என்று விசாரித்து, ஓம் என்றதும் சந்தோசமாக வைத்துவிட்டார். சாறி வாங்க எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: “கடைசி விலை சொல்லுங்க.” அவள் எழுதிக் கொடுத்தபடி, “இதுவே கடைசி விலை நேயர்களே” என்பாள். அவர்களும் வைத்துவிடுவார்கள். இங்கே முதல் சொன்ன விலைக்கு ஒருவர் சாமான் வாங்கினால் அவருக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது கிழமை முடிய, பதினொரு ஓடர். அதில் இரண்டு அவளோடு முன்பு கடையில் நின்ற பெண்களுடையது.

ஒரு காலை பாலத்தடியில் இறால் வாங்கப் போனேன். கூறு வைத்து விற்கிற பெண் என்னைக் கண்டதும் தொடங்கினாள். “உங்கட மச்சாள் டீவியில வாறாவே. நல்ல வடிவு. ஆனா ஏன் அந்தப் புள்ள பயந்து பயந்து பொய் சொல்லுது? மணிக்கூடு அஞ்சு நிமிசம் முடிஞ்சு மறுகா அஞ்சிலயே தொடங்குது. நாங்க பாக்கல்லையா? பொய் சொல்றதெண்டா என்னப்போலத் துணிஞ்சு சொல்லணும்.” அதைச் சொல்லிவிட்டு, இறால் விடியத்தான் பிடித்தது என்று துணிஞ்சு சொன்னாள். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு வலித்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் வலித்தது. அந்த வலியில்தான் நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. யாராவது ஒரு ஆள் துணிந்து முதல் விலைக்கே வாங்கினால் பார்க்கிறவர்களும் பின்னால் வருவார்கள் என்று யோசித்தேன். யாராவது ஒரு ஆள் என்றால் வேறு யார்? மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி மனைவியிடம் கொடுத்தேன். செங்கலடியிலிருந்து கதைக்கிறேன், பச்சைச் சாறி நல்ல வடிவு, சொன்ன விலைக்கே ஒன்று எடுத்து வையுங்கள். அவ்வளவுதான். மூத்த மச்சாளின் போனிலிருந்து எடுப்பது என்றும் முடிவு. டீவிச் சத்தத்தைக் குறைக்கும் பொறுப்பு மூத்த மச்சாளுக்கு. அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பதற்றத்தில் அதை மறந்தே போனார். மனைவி “ஹலோ” என்றதும் அந்த ஹலோ டீவியிலிருந்து எங்கள் விறாந்தைக்கே திரும்பி வந்தது.

முதல் இரண்டு வரியையும் மனைவி நன்றாகவே வாசித்தாள். செங்கலடி என்று சொல்லும்போது குரலைக் கூட மாற்றினாள். மச்சாள் பச்சைச் சாறியைக் கையில் எடுத்து, “பழைய விலை ஏழாயிரத்துத் தொளாயிரம், இன்று மட்டும் நாலாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது” என்றாள். மனைவி மூன்றாம் வரியைப் பார்த்தாள். வாசிக்க முடியவில்லை. ஐம்பது வயது வரை ஒரு கீரைப்பிடியைக் கூடச் சொன்ன விலைக்கு வாங்காத வாய் அது.

“என்ன, ஐயாயிரமா? அந்தச் சீலைக்கா?”

நான் கையால் சாடை காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

“இது கைத்தறி அக்கா” என்றாள் மச்சாள்.

“தெரியுதே. நான் என்ன தறி காணாத ஆளா? முந்தானையக் காட்டு புள்ள. மற்றப் பக்கம் திருப்பு. கரையக் கிட்டக் கொண்டு வா.”

மச்சாள் திருப்பினாள். அந்த மாதத்தில் முதல்முறையாக அவள் கை அவளுடைய கையாக இருந்தது. சாறியை ஒரு உதறு உதறி முந்தானையை முழங்கையில் ஓட விட்டாள். கதிரையை விட்டு எழும்பியும் விட்டாள். வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். ஆளை அடையாளம் கண்டுவிட்டாள் என்று விளங்கியது.

“நாலாயிரத்துக்குத் தா.”

“கட்டாது அக்கா.”

“கட்டாதோ? அப்ப ஏழாயிரத்துத் தொளாயிரத்துக்கு இதை ஆரு வாங்கினது? ஒரு ஆளச் சொல்லு பாப்பம்.”

நான் வருடக்கணக்காக இந்தியாக்காரனிடம் கத்தின கேள்வி அது, இப்போது ஊரே கேட்க எங்கள் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மச்சாள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆரும் வாங்கல்ல அக்கா. அது பலகையில எழுதின விலை.”

“அப்ப அதை விடு. வாங்குற விலையக் கதை.”

அதற்குப் பிறகு நடந்தது சந்தையில் நடப்பதுதான். மனைவி ஒரு ஐம்பது ஏறுவாள், மச்சாள் ஒரு நூறு இறங்குவாள். சாயம் போகுமா என்று கேட்டாள். முதல் தண்ணியில் கொஞ்சம் போகும், தனியாகத் தோயுங்கள் என்று பதில் வந்தது. மூலையில் மணிக்கூடு முடிந்து மறுபடி தொடங்கியது, அதை யாரும் பார்க்கவில்லை. கடையில் அவளுக்கு விலை குறைக்க முதலாளி ஒரு எல்லை விட்டிருந்தார். அந்த எல்லைக்குள் நின்றுதான் அவள் பேசினாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஏழு நிமிடத்தில் நாலாயிரத்து முந்நூறில் வந்து நின்றார்கள்.

“சரி, எடுத்து வை.”

“சரி அக்கா, வச்சிட்டன்.”

மனைவி போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தாள். அப்போதுதான் அவளுக்குப் பில்லின் ஞாபகம் வந்தது. “கடவுளே, எல்லாத்தையும் கெடுத்திட்டன்” என்றாள். மூத்த மச்சாள் அழுதே விட்டார். ஆனால் டீவியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. காத்தான்குடியிலிருந்து ஒரு பெண், “நீல நிறத்தில இரிக்கா? மூவாயிரத்துத் தொளாயிரம் தருவன்” என்று தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். நேரம் முடிந்து பாட்டுப் போட்டபிறகும் திரைக்கு வெளியே போன் மணி கேட்டது.

ஏழு மணி பஸ்ஸில் மச்சாள் வந்தாள். நேரே எங்கள் வீட்டுக்கு. கையில் ஒரு பார்சல். அதை மேசையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“நாலாயிரத்து முந்நூறு. சல்லியத் தாங்க அக்கா.”

“எனக்கு என்னத்துக்குடி பச்சைச் சீலை? நாங்க உனக்காகத்தானே எடுத்தம்” என்றாள் மனைவி.

“விலை கேட்டது நீங்க. ஒத்துக்கிட்டது நான்.”

எங்கள் பக்கத்தில் அது ஒரு கட்டுப்பாடு. விலை கேட்டுவிட்டு விற்கிறவர் மறுத்தால் போகலாம். அவர் சரி என்றபிறகு வேண்டாமென்று போகிறவரை மீன் விற்கிற பெண்கள் சந்தை முடியும் வரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பார்கள். மனைவி உள்ளே போய்க் காசை எடுத்து வந்து கொடுத்தாள். மச்சாள் எண்ணிப் பைக்குள் வைத்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

“எனக்குப் பொய் ஓடர் வேணாம் அக்கா. அறுபது வராட்டிப் போகட்டும். நான் கடையில நிண்டு விக்கிறன்.”

நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுவதும் மனைவி தலையில். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்த இந்தியாப் புள்ளைகள் எல்லாரையும் பிழை சொல்லுவீங்க அத்தான். என்னப் பத்தி மட்டும் மூணு கிழமையா ஒரு சொல்லும் சொல்லல்ல. நான் எவ்வளவு மோசம் எண்டு எனக்கு அதிலதான் விளங்கிச்சு.”

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் வாயை மூடினேன். அது அவளுக்கு வசவை விட மோசமாக விழுந்திருக்கிறது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டின விலையை வாசிக்கும்போது உன் கண் நிலத்துக்குப் போகிறது என்றேன். ‘நேயர்களே’ என்று நீ பிறந்த நாளிலிருந்து யாரையும் கூப்பிட்டதில்லை என்றேன். உதறி விரிக்கும்போது உன்னைப் போல ஒருத்தியை நான் அந்த இந்தியக் கடையிலும் காணவில்லை என்றேன். கடைசியாகச் சொன்னதும் குறையைப் போலவே உண்மைதான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். மூத்த மச்சாள் தேத்தண்ணி ஊற்றினார்.

மறுநாள் அவள் முதலாளியிடம் பலகையையும் மணிக்கூட்டையும் எடுக்கச் சொன்னாள். முந்தின நாள் போன்களைக் கண்ட மனிதர், மறுபேச்சில்லாமல் எடுத்தார். நிகழ்ச்சி தொடங்கியதும் அவளாகவே சொன்னாள்: “நேத்துக் கதைச்சது செங்கலடி இல்ல, என்ட சொந்த அக்கா. சாறிய வீட்ட கொண்டு போய்க் குடுத்துச் சல்லி வாங்கிட்டன். இப்ப நீங்க கதையுங்க.” அந்த ஐந்து நாளும் அவள், நிகழ்ச்சி முடிந்தபிறகும் போனை வைக்காமல், குரல் கம்மிப் போகும் அளவுக்கு விலை பேசினாள். கடைசி நாள் அறுபத்து மூன்றில் வந்து நின்றது. கொழும்புப் பிள்ளையைப் பற்றி முதலாளி அதன் பிறகு கதைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெல்லாவெளியில் என் சொந்தத்தில் ஒரு கலியாணம். மனைவி அந்தப் பச்சைச் சாறியைத்தான் உடுத்தி வந்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது, பச்சைச் சீலை என்னத்துக்கு என்று கேட்டதையெல்லாம் மறந்திருந்தாள். பந்தியில் எதிரே உட்கார்ந்த பெண்ணும் அதே பச்சை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, டீவிக் கடையா என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு என்ன விலைக்கு என்று கேட்டுக்கொண்டார்கள். அதோடு என் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனாள். மச்சாள் முற்றத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நாலாயிரத்து முந்நூறு. வெல்லாவெளியில ஆரோ ஒருத்திக்கு நாலாயிரத்து இருநூறோ? கூடப்பிறந்தவளுக்கு நூறு ரூவா கூட வச்சா வித்தாய்?”

மச்சாள் உடுப்பை மடித்தபடியே சொன்னாள்: “அவ இருவது நிமிசம் கதைச்சவ அக்கா. நீங்க ஏழு நிமிசத்தில விட்டிட்டீங்க.”

மனைவி விறுவிறென்று வேலியோரமாக நடந்து மூத்த மச்சாளின் வீட்டுக்குப் போனாள். சண்டை பெரிதாகப் போகிறது என்று நானும் பின்னால் ஓடினேன். வாசலில் நின்றபோது அவள் அக்காவிடம் சொல்வது கேட்டது.

“இனி அவள அந்தக் கதிரையால ஆரும் எழுப்ப ஏலா.”